ரிப்பனை இழுக்காதீர்கள்: ரிப்பன் எம்பிராய்டரி பழக முழுமையான வழிகாட்டி

நூல் எம்பிராய்டரி நன்றாகத் தெரிந்தவர்கள்தான் ரிப்பனில் முதலில் தோற்பார்கள். நானும் அப்படித்தான் தோற்றேன். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் சங்கிலித் தையலும் காம்புத் தையலும் போட்டுப் பழகிய கை இது. ஒவ்வொரு தையல் முடிந்ததும் நூலை இழுத்துத் துணியோடு படிய வைத்தால்தான் கைக்கு நிம்மதி. அதே கையோடு ரிப்பனை எடுத்தேன். இதழ் வர வேண்டிய இடத்திலெல்லாம் வாடிய பீன்ஸ் தோல் மாதிரி ஏதோ சுருண்டு கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏன்டி, பூவோட கழுத்தை நெரிச்சு வெச்சிருக்க? இழுக்காத. எங்க நிக்கணும்னு அதுவே காட்டும். அப்ப விட்டுடு.”

கீழே எழுதியிருப்பதில் பாதி, அந்த ‘அப்ப’ என்பது எப்போது என்பதைப் பற்றித்தான். மீதி, கடையில் என்ன வாங்குவது, எந்த வரிசையில் தைப்பது, எதையெல்லாம் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது.

ஊசியே பிடித்ததில்லை என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இழுக்கும் பழக்கம் இல்லாததால் உங்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடும். தவிர, ரிப்பன் அகலமானது. நூலில் முப்பது தையல் போட்டு நிரப்ப வேண்டிய ஒரு இலை, ரிப்பனில் ஒரே தையல்.

எந்த ரிப்பன்?

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவைப் பெண்களின் கவுன்களில் பூப்பூவாக இருந்ததெல்லாம் பட்டு ரிப்பன். மெல்லியது, ஊசிக்குப் பின்னால் சத்தமில்லாமல் போகும், துணிக்கு மேல் வந்ததும் தானாக விரியும். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் வேலை பெரும்பாலும் அதில் செய்தது. நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் அது சுலபத்தில் கிடைக்காது. கிடைப்பது பாலியஸ்டர் சாட்டின் ரிப்பன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரட்டைச் சடைக்குக் கட்டும் ரிப்பனுக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டைவிட விறைப்பு அதிகம், ஓரம் சற்றுக் கனம். ஆனால் விலை குறைவு, நிறங்கள் ஏராளம், கெட்டியாக நிற்கும். பழகுவதற்கு இதுவே போதும். பட்டு ரிப்பனில்தான் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு மீட்டர் வீணானாலும் மனசு பதறாத பொருளில்தான் பழக வேண்டும்.

அகலம் மூன்று போதும். 1/8 இஞ்ச், அதாவது சுமார் 3 மி.மீ., சின்னப் பூவுக்கும் முடிச்சுக்கும். 1/4 இஞ்ச், சுமார் 6 மி.மீ., ரோஜாவுக்கும் இலைக்கும். ஆரம்பத்தில் உங்கள் வேலை முழுக்க இந்த அகலத்தில்தான் இருக்கும். 1/2 இஞ்ச், சுருக்குப் பூவுக்கு மட்டும். அதைத் துணிக்குள் விட்டு இழுக்க முயலாதீர்கள், துணி கிழியும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ரிப்பன் ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிறதா, இரண்டு பக்கமுமா? இரண்டு பக்கமும் பளபளப்பது நல்லது. தைக்கும்போது ரிப்பன் புரண்டே தீரும். மங்கல் பக்கம் வெளியே வந்தால் இதழில் அழுக்குப் பட்டது போலத் தெரியும். இரண்டாவது, விரல் நுனியில் சுருட்டிப் பாருங்கள். அட்டை மாதிரி விறைத்து நின்றால் அது பரிசுப் பொட்டலம் கட்டுகிற ரிப்பன். தையலுக்கு ஆகாது.

பட்டு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், ஒரு துண்டை வீட்டில் தீயில் காட்டிப் பாருங்கள். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பட்டு, முடி கருகிய வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும்.

சாயம் போகிறதா என்ற சோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். இது என் சொந்தக் காசில் கற்றது. தங்கை கல்யாணத்துக்கு வெண்ணெய் நிறத்தில் ஒரு ஜோடி குஷன் உறை செய்தேன். அடர் சிவப்பு ரோஜாக்கள், பதினாறு நாள் வேலை. அழுக்குப் போகட்டும் என்று ஒரே ஒரு முறை நனைத்தேன். காய்ந்த பிறகு ஒவ்வொரு ரோஜாவைச் சுற்றியும் வெற்றிலை எச்சில் மாதிரி ஒரு வட்டம். கடைக்காரரிடம் போய்க் கேட்டால், “சாயம் போகாதுன்னு நான் சொன்னேனாம்மா?” என்றார். சொல்லவில்லைதான். அன்றிலிருந்து சிவப்பு, மெரூன், கருநீலம் எது வாங்கினாலும் ஒரு விரல்நீளம் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் மடித்து, மேலே ஒரு டம்ளரை வைத்துவிடுவேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஊசி, துணி, வளையம்

ரிப்பன் வேலைக்கு வேண்டியது முனை கூராகவும் காது நீளமாகவும் உள்ள தடித்த ஊசி. ஷெனில் ஊசி என்று பெயர். கடையில் அந்தப் பெயர் தெரியாவிட்டால் “ரிப்பன் எம்பிராய்டரி ஊசி” என்றே கேளுங்கள். சில கடைகளில் கோணி ஊசியை எடுத்து நீட்டுவார்கள், அது வேண்டாம். ஊசி நம்பர் குறையக் குறையத் தடிமன் கூடும். 6 மி.மீ. ரிப்பனுக்கு 18ஆம் நம்பர், 3 மி.மீ. ரிப்பனுக்கு 20 அல்லது 22.

ஊசி இவ்வளவு தடிமனா, துணியில் ஓட்டை தெரியாதா என்று எல்லோருக்கும் சந்தேகம் வரும். ஓட்டை வேண்டும் என்பதற்காகத்தான் தடித்த ஊசி. ஓட்டை சின்னதாக இருந்தால் ரிப்பன் கசங்கி, ஓரம் உரசிப் பிசிறு விடும். ஊசி முன்னால் போய் வழியைத் திறக்க வேண்டும், ரிப்பன் பின்னால் சும்மா நடந்து வர வேண்டும். வந்த பிறகு ஓட்டையை ரிப்பனே மூடிக்கொள்ளும். துணிக்குள் போகும்போது ‘கரகர’ என்று உரசும் சத்தம் கேட்டால், ஒரு நம்பர் தடித்த ஊசிக்கு மாறுங்கள்.

நூல் வேலைக்குச் சாதாரண எம்பிராய்டரி ஊசியும், ரோஜா பின்னுவதற்கு முனை மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசி ஒன்றும் போதும். மழுங்கிய ஊசி இல்லையென்றாலும் பரவாயில்லை, அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

துணியில், பழகுவதற்குக் கேஸ்மென்ட் என்கிற பருத்தித் துணியைப் போல வேறில்லை. நெசவு சற்றுத் தளர்வு, ஊசி திணறாது, விலையும் கட்டுப்படியாகும். பாப்ளின் பரவாயில்லை, ஆனால் நெசவு நெருக்கம். ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற மெல்லிய துணிகள் ரிப்பனின் கனம் தாங்காமல் தொங்கிப்போகும். பட்டு ரவிக்கைத் துணியில் செய்யலாம், ஆனால் அடியில் லைனிங் கொடுத்துவிட்டு. அதில் தவறான இடத்தில் ஊசி குத்தினால் அந்த ஓட்டை மறையவே மறையாது, அதனால் அது பத்தாவது வேலையாக இருக்கட்டும். எந்தப் பருத்தித் துணியானாலும் முதலில் ஒரு முறை அலசிக் காயப்போட்டு இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சுருங்கினால் பூவையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

வளையம் மரத்தில், திருகு வைத்தது. உங்கள் டிசைனைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நூல் வேலையில் வளையத்தை நகர்த்தி நகர்த்திப் போடுவோம். இங்கே முடிந்த பூவின் மேல் வளையம் ஏறினால் ரோஜா அப்பளம் ஆகிவிடும். உள்வளையத்தைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கிழித்த நாடாவைச் சுற்றிவிடுங்கள், துணி நழுவாது. இரவில் வேலையை எடுத்து வைக்கும்போது வளையத்தைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வட்டத் தடம் போகாது.

இன்னும் சில சில்லறைச் சாமான்கள்: சின்னக் கத்தரிக்கோல், ரிப்பன் நிறத்திலேயே தையல் நூல், ஆங்கர் நூலில் இரண்டு பச்சை, ஒரு மஞ்சள், ஒரு இளஞ்சிவப்பு (ஒரு கட்டில் 8 மீட்டர் இருக்கும், 6 இழை), ஒரு கொண்டை ஊசி, வெடித்த பலூனில் ஒரு துண்டு. கடைசி இரண்டும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊசி துணியில் சிக்கிக்கொண்டால் பலூன் துண்டால் பிடித்து இழுத்தால் வழுக்காமல் வரும். கொண்டை ஊசியின் வேலை என்ன என்று தையலுக்கு வரும்போது பார்ப்போம். எல்லாமே ஒரே தெருவில் கிடைக்கும். திருச்சியில் என்றால் நான் என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு நடை போனால் போதும்.

ரிப்பனைக் கோத்தல், முடிச்சு, முடித்தல்

ரிப்பனை ஒரு முழத்துக்கும் குறைவாக, 12 முதல் 14 இஞ்ச் வரை வெட்டுங்கள். நீளமாக வைத்தால் திரும்பத் திரும்பத் துணிக்குள் போய்வந்து கடைசிப் பூவுக்குள் ஓரம் நைந்துவிடும். இரண்டு முனையையும் சாய்வாக வெட்டுங்கள். சாட்டின் ரிப்பன் என்றால் எரிகிற ஊதுவத்தியின் முனையை வெட்டிய ஓரத்தில் தொட்டும் தொடாமலும் ஓட்டுங்கள், ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு பிசிறு விடாது. அதிகமாக உருகினால் கெட்டியான மணி உருவாகி ஊசிக் காதில் நுழையாது.

முனையை ஊசிக் காதில் நுழைத்து இரண்டு இஞ்ச் வெளியே இழுங்கள். இப்போது அந்த முனையிலிருந்து கால் இஞ்ச் தள்ளி, ரிப்பனின் நடுவில் ஊசி முனையால் குத்தி, மறுபக்கம் உள்ள நீள ரிப்பனை மெல்ல இழுங்கள். குத்திய முனை ஊசிக் காதில் போய்ப் பூட்டிக்கொள்ளும். இது ரிப்பன் வேலைக்கே உரிய பூட்டு. பூட்டாமல் தைத்தால் ஐந்து தையலுக்கு ஒரு முறை ஊசி கழன்று கையோடு வரும்.

மறுமுனையில் நூலுக்குப் போடுவது போல் முடிச்சுப் போடாதீர்கள். அந்த முண்டு துணியின் முன்பக்கம் துருத்திக்கொண்டு தெரியும். முனையைக் கால் இஞ்ச் மடியுங்கள், மடிப்பின் நடுவில் ஊசியைக் குத்தி, ரிப்பன் முழுவதையும் அதன் வழியே இழுத்துவிடுங்கள். தட்டையாக ஒரு மென்முடிச்சு விழும்.

முடிக்கும்போது துணியின் பின்பக்கம் முக்கால் இஞ்ச் விட்டு வெட்டுங்கள். அந்த வாலை, தையல் நூலால், பக்கத்திலுள்ள ரிப்பனோடு இரண்டு தையல் போட்டுப் பிடியுங்கள். நூல் வேலையில் செய்வது போல மற்றத் தையல்களுக்கு அடியில் நுழைத்து இழுத்தால் முன்பக்கத்தில் நீங்கள் பார்த்துப் பார்த்து விட்ட தளர்வெல்லாம் போய்விடும். பின்பக்கத்தில் ஒரு பூவிலிருந்து தூரத்துப் பூவுக்கு ரிப்பனைத் தாவவும் விடாதீர்கள். வெட்டுங்கள், புதிதாகத் தொடங்குங்கள்.

முதலில் பழக வேண்டிய தையல்: ரிப்பன் தையல்

ஒரே ஒரு தையல்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். இலை, இதழ், மொட்டு எல்லாம் இதிலிருந்து வரும். சாதாரணமாக ஒரு தையல் போட்டால் ஊசி துணியில் இறங்கும். இங்கே ஊசி ரிப்பனையே துளைத்துக்கொண்டு இறங்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ரிப்பனைக் கீழிருந்து மேலே கொண்டுவாருங்கள். கொண்டை ஊசியை ரிப்பனுக்கு அடியில் செருகி, வெளியே வந்த இடத்திலிருந்து முன்னோக்கி ஒரு தடவு தடவுங்கள். முறுக்கு பிரிந்து ரிப்பன் அகலமாகப் படுக்கும். இடது கைக் கட்டைவிரலால் அதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இலையின் நீளத்துக்கு, ஒரு முக்கால் இஞ்ச் தள்ளி, ரிப்பனின் நட்டநடுவில் ஊசியைக் குத்திக் கீழே இறக்குங்கள். ஊசி போய்விடும், ரிப்பன் வரத் தொடங்கும். இனி ஊசியைப் பார்க்காதீர்கள். துணிக்கு மேலே மிஞ்சியிருக்கும் அந்த வளைவை மட்டும் பாருங்கள்.

கீழே கை மெல்ல இழுக்கும்போது வளைவு சின்னதாகும். குத்திய இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள ஓரங்கள் உள்நோக்கிச் சுருளத் தொடங்கும். வெற்றிலையைச் சுருட்டும்போது ஓரம் மடங்குமே, அது மாதிரி. இரண்டு சுருளும் கூடி ஒரு கூர்முனை தெரியும் நொடி ஒன்று உண்டு. அதுதான் அக்கா சொன்ன ‘அப்ப’. அங்கே நிறுத்துங்கள். இன்னும் ஒரு நெல்மணி அளவு இழுத்தாலும் சுருள் துணிக்குள் போய், இலை கயிறாகிவிடும். போனது போனதுதான், பின்னால் தள்ளினால் திரும்பி வராது. அதனால் கடைசி அரை இஞ்சை விரலால் இழுக்காமல், ரிப்பனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி உருட்டி இறக்குங்கள்.

ஒரு வெள்ளைத் துணியில் இருபது இலை போடுங்கள். முதல் பத்தும் கயிறாகத்தான் இருக்கும். நடுவில் குத்தாமல் இடது ஓரமாகக் குத்தினால் இலை ஒரு பக்கம் திரும்பும், வலது ஓரத்தில் குத்தினால் மறுபக்கம். இது தெரிந்துவிட்டால் எல்லா இலையும் ஒரே அச்சில் வார்த்தது போல் இல்லாமல், செடியில் இருப்பது போல ஆளுக்கொரு திசை பார்க்கும்.

சிலந்திவலை ரோஜா

பார்ப்பவர்கள் “நீயா செஞ்ச?” என்று கேட்பது இதைப் பார்த்துத்தான். உண்மையில் எல்லாவற்றையும்விட இதுதான் சுலபம். கூடை பின்னுகிற அதே கணக்கு.

ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பென்சிலால் லேசாக வட்டம் வரையுங்கள். நடுவில் புள்ளி. விளிம்பில் சம இடைவெளியில் ஐந்து புள்ளி. ரிப்பன் நிறத்திலேயே எம்பிராய்டரி நூலை 3 இழையாக எடுத்து, ஒவ்வொரு விளிம்புப் புள்ளியிலும் மேலே வந்து நடுப்புள்ளியில் இறங்குங்கள். சக்கரத்துக்கு ஆரக்கால் வைத்தது போல ஐந்து கம்பிகள். ரிப்பன் தளர்வாக இருக்க வேண்டும் என்றேன், இந்த நூலோ விறைப்பாக இருக்க வேண்டும். பூவின் எலும்பே இதுதான். பின்பக்கம் நன்றாக முடிச்சிட்டு முடித்துவிடுங்கள்.

ஏன் ஐந்து? ஆறு வைத்தால் என்ன? ஒரு கம்பிக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பின்னப் போகிறோம். கம்பிகள் இரட்டைப்படையில் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே கம்பிக்கு மேலே, அதே கம்பிக்குக் கீழேதான் ரிப்பன் போகும், பின்னலே விழாது. ஒற்றைப்படையாக இருந்தால் சுற்றுக்குச் சுற்று தானாக மாறிக்கொள்ளும். பெரிய ரோஜாவுக்கு ஏழு வைக்கலாம்.

இப்போது 6 மி.மீ. ரிப்பன், ஒன்றரை முழம். முன்பு ஒரு முழத்துக்குள் என்றேனே என்று கேட்பீர்கள். இங்கே ரிப்பன் துணிக்குள் போவது தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை மட்டும்தான். உரசல் இல்லை, நைந்துபோகாது. நடுப்புள்ளியை ஒட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே மேலே வாருங்கள். வந்ததும் ஊசியைத் திருப்பிப் பிடியுங்கள். காது முன்னால், முனை பின்னால். நான் சொன்ன குறுக்குவழி இதுதான். மழுங்கிய காதுப் பக்கம் கம்பிகளுக்கு அடியில் நுழையும்போது துணியையோ நூலையோ குத்தாது.

ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே. முதல் இரண்டு சுற்றை மட்டும் இறுக்கமாக, ரிப்பனை நன்றாக முறுக்கிக்கொண்டு சுற்றுங்கள். அது ரோஜாவின் நடு மொக்கு. மூன்றாவது சுற்றிலிருந்து கையைத் தளர்த்துங்கள். ரிப்பன் புரண்டால் புரளட்டும், ஒரு இடத்தில் மடங்கி ஒரு இடத்தில் விரிந்தால் இன்னும் நல்லது. எல்லாச் சுற்றும் ஒழுங்காகப் படுத்தால் கிடைப்பது ரோஜா இல்லை, பாய். கம்பிகள் கண்ணுக்குத் தெரியாத வரை சுற்றி, கடைசியில் ஊசியை ஒரு இதழுக்கு அடியில் ஒளித்துப் பின்பக்கம் இறக்குங்கள்.

நடுவில் வெள்ளையாகத் துணி தெரிகிறதா? முதல் இரண்டு சுற்று தளர்ந்துவிட்டது. மஞ்சள் நூலில் இரண்டு முடிச்சுப் போட்டு மறைத்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

மற்றவை, சுருக்கமாக

லேசி டெய்சி நூலில் தெரிந்தவர்களுக்கு ரிப்பனில் புதிதாக ஒன்றுமில்லை. கண்ணி போட்டு, நுனியில் ஒரு சின்னத் தையலால் பிடிப்பது. கண்ணியை இறுக்காமல் விட்டால் பூ, சற்று இறுக்கினால் மொட்டு. நுனித் தையலை மட்டும் நூலில் போடுங்கள், ரிப்பனில் போட்டால் கனத்துப்போகும்.

ஃப்ரெஞ்ச் முடிச்சு 3 மி.மீ. ரிப்பனில் அழகாக வரும். நூலில் ஊசியை இரண்டு மூன்று சுற்று சுற்றுவோம். ரிப்பனில் ஒரே சுற்று, அதுவும் ஊசியோடு ஒட்டாமல். இறங்கும் ஓட்டை, ஏறிய ஓட்டையிலிருந்து இரண்டு இழை தள்ளி இருக்கட்டும். அதே ஓட்டையில் இறக்கினால் முடிச்சு முழுதாகப் பின்பக்கம் போய்விடும்.

சுருக்குப் பூவுக்கு 1/2 இஞ்ச் ரிப்பனில் 4 இஞ்ச் வெட்டி, ஒரு ஓரம் நெடுகத் தையல் நூலால் ஓட்டுத் தையல் போட்டுச் சுருக்குங்கள். பாவாடைக்குச் சுருக்கம் வைப்பது போலத்தான். வட்டமாகிவிடும். இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து, துணியில் வைத்து நடுவில் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது.

முதல் வேலை: மூன்று ரோஜாக் கொத்து

தலையணை உறையில் வேண்டாம். ‘குட் நைட்’ என்று நூலில் எழுதிய உறைகள் எல்லா வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்தன, அதன் மேல் தூங்கவும் முடிந்தது. ரிப்பன் ரோஜாவின் மேல் கன்னத்தை வைத்துப் பாருங்கள், தெரியும். ஒரு அடிக்கு ஒரு அடி கேஸ்மென்ட் துணியில் தனியாகத் தையுங்கள். முடிந்ததும் ஓரம் மடித்து ஒரு துணிப்பையின் மேல் ஒட்டுத்துணியாக வைத்துத் தைத்துக்கொள்ளலாம். தைத்து முடித்த பையிலேயே நேராக வேலை செய்வது கஷ்டம். வளையமும் கையும் பைக்குள் மாட்டிக்கொள்ளும்.

அடர் ரோஸில் 3 மீட்டர், வெளிர் ரோஸில் 2 மீட்டர், பச்சையில் 2 மீட்டர், எல்லாம் 1/4 இஞ்ச். மஞ்சள் 1/8 இஞ்சில் 1 மீட்டர். கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும்.

டிசைனை மஞ்சள் கார்பன் பேப்பர் வைத்துப் பதியுங்கள். இதழ் இதழாக வரையத் தேவையில்லை. ரோஜாவுக்கு மூன்று வட்டம், முக்கோணமாக, ஒன்றையொன்று தொடாமல் அரை விரல் இடைவெளியில். காம்புக்கு ஐந்து வளைகோடு. இலைக்கு ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். ரிப்பன் அன்றைக்கு எப்படிப் படுக்கிறதோ அதற்கேற்ப இலை சற்று இடம் மாறும். கோட்டை முழுதாக வரைந்து வைத்தால் மூடாமல் வெளியே தெரியும்.

வரிசை முக்கியம். முதலில் காம்புகளை 3 இழைப் பச்சை நூலில் காம்புத் தையலாக, அதாவது ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் பாதியிலிருந்து தொடங்கிக் கயிறு மாதிரி ஓடும்படி போடுங்கள். அடுத்து மூன்று ரோஜாவும், இரண்டு அடர் நிறம், ஒன்று வெளிர். பிறகு காம்பு நுனிகளில் ஐந்து மொட்டு, அவற்றின் அடியில் பச்சை நூலால் ஒரு ‘ஒய்’ வடிவத் தையல், அது புல்லிவட்டம். அதற்குப் பிறகுதான் இலைகள். ரோஜா இதழை விரலால் சற்று ஒதுக்கி, அதன் அடியிலிருந்து ஊசியை மேலே கொண்டுவந்து இலை போட்டால், இலை பூவுக்குக் கீழிருந்து எட்டிப் பார்க்கும். இலையை முதலில் போட்டுவிட்டு ரோஜா போட்டவர்களுக்கு இரண்டும் தனித்தனியாக ஒட்டி வைத்தது போல் இருக்கும். கடைசியில் இடைவெளிகளில் மஞ்சள் முடிச்சுகள், மூன்று நான்காகக் கூட்டி. எல்லா இடைவெளியையும் நிரப்பாதீர்கள். முதல் வேலையில் எல்லோரும் செய்யும் தப்பு அதுதான். கல்யாண மேடைத் தெர்மாகோல் மாதிரி ஆகிவிடும்.

ஒரு சனி, ஞாயிறு போதும் இதற்கு.

ரவிக்கையில் போடுவதற்கு முன்

பூ எங்கே உரசும் என்று முதலில் யோசியுங்கள். முதுகுக் கழுத்து நடுவில் வைத்தால் ஜடை உரசும். முன்கழுத்தை ஒட்டி வைத்தால் சங்கிலியும் ஆரமும் மாட்டி இழுக்கும். என் கணக்கில் கை ஓரம்தான் பாதுகாப்பு, அதிலும் வெளிப்பக்கம். அக்குள் பக்கம் வேண்டாம். வேலையை வெட்டாத துணியில் முடித்துவிட்டுத்தான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைப் பூவின் மேல் வைக்க வேண்டாம் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிட்டு வாருங்கள்.

துவைப்பது கையால்தான். பச்சைத் தண்ணீரில் ஒரு துளி ஷாம்பு, அலசு, பிழியாதே. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்துவிட்டு நிழலில் விரித்துப் போடுங்கள். இஸ்திரி வேண்டுமென்றால் கனமான டவலை மடித்துப் போட்டு, பூப்பக்கம் டவலில் பதியக் கவிழ்த்து, பின்பக்கமாகத் தேயுங்கள், சூடு குறைவாக. சாட்டின் ரிப்பன் சூட்டுக்கு உருகும் என்பதை ஊதுவத்தியில் பார்த்தீர்களே. நசுங்கிய ரோஜாவைக் கெட்டில் ஆவியில் சில நொடி காட்டி, ஊசிக் காதால் இதழை நெம்பிவிட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

அடுத்து என்ன பழகலாம்?

ரிப்பன் கைக்கு வந்ததும் நூல் தையலில் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இறகுத் தையல், மீன்முள் தையல், புல்லியன் முடிச்சு. ரிப்பன் பூவுக்குப் பக்கத்தில் மெல்லிய நூல் வேலை இருந்தால்தான் பூ மேலெழும்பித் தெரியும். புல்லியனுக்குக் காதும் உடம்பும் ஒரே தடிமனாக உள்ள மில்லினர் ஊசி வாங்குங்கள். சாதாரண ஊசியில் சுற்றிய சுற்றெல்லாம் காதில் வந்து சிக்கும்.

ஆரி பழகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் அது வேறு கை. துணியைக் கட்டில் மாதிரியான சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை மேலே இழுத்துச் சங்கிலி போடுவது. அங்கே வேகமும் ஒரே சீரும் வேண்டும். ரிப்பனில் பழகிய தளர்வு அங்கே உதவாது.

எனக்கு ஆசை வேறு பக்கம். ஊட்டியில் தோடர் பெண்கள் தைக்கும் பூட்குளிப் போர்வையை ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை. டிசைன் வரைவதே இல்லை, நெசவின் இழையை எண்ணி எண்ணித்தான் தைக்கிறார்கள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்துக் கசூத்தி எம்பிராய்டரியும் இப்படி எண்ணிப் போடுவதுதான், முடிச்சே போடக் கூடாது. அதிலுள்ள நான்கு தையலில் ஒன்றின் பெயர் ‘மெந்தெ’, கன்னடத்தில் வெந்தயம். வீட்டில் இழை எண்ணித் தைக்கத் தோதான மேட்டித் துணி ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். நாலு இழைக்கு ஒரு முறை எண்ணிக்கை தவறுகிறது, மூன்று முறை பிரித்தாகிவிட்டது.